பொருந்தும், ஆனால் படம் வராது

கேபிள் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு முனை கேம் கன்சோலில். மறு முனை மானிட்டரில். இரண்டும் 'டக்'கென்று உட்கார்ந்தன. படம் மட்டும் வரவில்லை.

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, ஒரு வருஷம் காசு சேர்த்து, செகண்ட் ஹேண்டில் ஒரு கேமிங் மானிட்டர் வாங்கியிருந்தான். சாதாரணத் திரை ஒரு விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் என்றால், இது 144 முறை. எல்லாம் சரி. அதன் முதுகில் ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. டிஸ்ப்ளேபோர்ட். கன்சோலின் முதுகிலும் ஒரே ஒரு வாசல்தான். அது ஹெச்.டி.எம்.ஐ.

"இதைப் போடு தம்பி, வரும்" என்று ஒரு கடைக்காரர் கேபிள் கொடுத்தார். நானூறு ரூபாய். வரவில்லை. விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டார்களாம். இன்னொரு கடையில் இன்னொரு கேபிள். அதுவும் வரவில்லை. மூன்றாவதாக ஒரு குட்டி அடாப்டர். ம்ஹூம். ஆயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. டியூஷன் வாத்தியாருக்கு அது பெரிய காசு.

"ரெண்டு பக்கமும் கரெக்டா உட்காருது மாமா. அப்புறம் ஏன் வரலை?"

நியாயமான கேள்வி. நான் பி.காம். படித்தவன். மின்சாரத்துக்கும் எனக்கும் பில் கட்டுகிற உறவு மட்டும்தான். ஆனாலும் தேடிப் போனேன். போனால், பதிலில் பாதிதான் ஒயருக்குள் இருந்தது. மீதிப் பாதி கணக்குப் புத்தகத்தில். கொஞ்சம் நீளமான கதை. அறுபது வருஷங்களுக்கு முன்னால், ஒரு பஸ் நிலையத்தில் ஆரம்பிக்கிறது.

★

1966. நியூயார்க்கில் ஒரு பஸ் நிலையம். நண்பருக்காகக் காத்திருந்த நேரத்தில் ரால்ஃப் பேர் என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. ஜெர்மனியில் பிறந்த யூதர். ஹிட்லரிடமிருந்து தப்பி, 1938-ல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் என்கிற, ராணுவத்துக்கு எலக்ட்ரானிக்ஸ் செய்து தரும் நிறுவனத்தில் எஞ்சினியர்.

யோசனை இதுதான். அமெரிக்காவில் கோடிக்கணக்கான வீடுகளில் டிவி இருக்கிறது. அது காட்டுவதை எல்லாரும் சும்மா உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதில் விளையாடினால் என்ன?

யோசிக்க நன்றாகத்தான் இருந்தது. சிக்கல் வேறு இடத்தில். அன்றைய டிவிப் பெட்டிக்குள் படம் நுழைய ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆன்டெனா. வெளியிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இணைக்கலாம் என்றே டிவி செய்தவர்கள் நினைத்திருக்கவில்லை.

பேர் என்ன செய்தார்? தன் விளையாட்டுப் பெட்டிக்கு வேஷம் போட்டார். அது தன்னை ஒரு டிவி ஒளிபரப்பு நிலையமாகக் காட்டிக்கொள்ளும். ஆன்டெனா ஒயரைக் கழற்றி, நடுவில் ஒரு ஸ்விட்ச் பெட்டியை மாட்டி, டிவியை மூன்றாவது அல்லது நான்காவது சேனலில் வைக்க வேண்டும். பாவம், அந்த டிவி எங்கிருந்தோ ஒளிபரப்பு வருவதாக நம்பிக்கொண்டு படம் காட்டும். 1972-ல் மேக்னவாக்ஸ் நிறுவனம் ஒடிஸி என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் வைத்து விளையாடும் முதல் வீடியோ கேம் பெட்டி அதுதான்.

ஆக, விளையாட்டுப் பெட்டிக்கும் திரைக்கும் ஜோடி சேராத பிரச்னை நேற்று முளைத்ததல்ல. முதல் பெட்டியிலேயே இருந்தது.

அடுத்து அரசாங்கம் வந்தது. ஒளிபரப்பு நிலையம் மாதிரி நடிக்கிற பெட்டி பக்கத்து வீட்டு டிவியில் கோடு போட்டுவிட்டால்? அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் கடுமையான விதிகளை வைத்திருந்தது. 1977-ல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டர் இந்தச் சிக்கலை எப்படித் தாண்டியது தெரியுமா? டிவி நிலையமாக நடிக்கும் அந்தச் சின்னப் பகுதியை மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை வேறொரு சிறு நிறுவனம் தனியாக விற்றது. வாடிக்கையாளர் இரண்டையும் வாங்கி மாட்டிக்கொண்டார்.

கவனியுங்கள். அந்தக் குட்டிப் பெட்டி தனியாகப் பிரிந்ததற்குத் தொழில்நுட்பம் காரணமில்லை. சட்டம் காரணம். செலவு வாங்குகிறவன் தலையில். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரப் போகிறது.

★

ஆன்டெனா வழியே அனுப்பினால் படம், நிறம், சத்தம் எல்லாம் ஒரே ஒயரில் கலந்து போகும். சாம்பாரையும் ரசத்தையும் பாயசத்தையும் ஒரே தூக்கில் ஊற்றி அனுப்புகிற மாதிரி. அந்தப் பக்கம் போய்ப் பிரித்தெடுத்தால் எதுவும் அதன் ருசியில் இருக்காது. நம் வீட்டு டிவிடி பிளேயரில் பார்த்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் கொஞ்சம் தேவலாம். சத்தம் தனி, படம் தனி. ஆனால் மஞ்சள் ஒயருக்குள் வெளிச்சமும் நிறமும் இன்னும் கலந்துதான் போகும். அந்த உருண்டை முனையை அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1930-களில் செய்தது. எதற்கு? கிராமபோனை ரேடியோவோடு இணைப்பதற்கு!

இந்தக் கலப்படத்தை ஒழிக்க முதலில் சட்டம் போட்டது பிரான்ஸ். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கம்பியில் கொண்டுபோகும் 21 பின் இணைப்பு ஒன்றை அந்நாட்டு ரேடியோ, டிவி தயாரிப்பாளர் சங்கம் உருவாக்கியது. சங்கத்தின் முதலெழுத்துகளே அதன் பெயர். ஸ்கார்ட். பிரான்ஸில் விற்கப்படும் ஒவ்வொரு புது டிவியிலும் அது இருந்தே தீர வேண்டும் என்று 1980-ல் கட்டாயமாக்கினார்கள்.

நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம்தான். படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஜப்பானிலிருந்து டிவி கொண்டுவந்து விற்பவன் பார்வையில் பாருங்கள். உலகம் முழுக்க விற்கிற டிவி பிரான்ஸுக்குள் மட்டும் போகாது. பிரான்ஸுக்கென்று தனியாக ஒரு வாசல் வைத்துச் செய்ய வேண்டும்.

அந்தக் காலத்து பிரான்ஸின் மனநிலை புரிய வேண்டுமென்றால் புவாத்தியே கதை தெரிய வேண்டும். 732-ல் வடக்கே முன்னேறி வந்த அரபுப் படையை சார்லஸ் மார்ட்டல் தடுத்து நிறுத்தியது இந்த ஊருக்கும் தூர் நகரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில்தான். 1250 வருஷம் கழித்து, 1982 அக்டோபரில், பிரான்ஸ் அரசு ஓர் உத்தரவு போட்டது. இறக்குமதியாகும் வீடியோ ரெக்கார்டர்கள் அத்தனையும் இனி புவாத்தியே சுங்க அலுவலகத்தில்தான் சோதனை முடிந்து வெளியே வர வேண்டும்.

புவாத்தியே கடற்கரை ஊர் இல்லை. துறைமுகம் கிடையாது. சுங்க அலுவலகமோ சின்னது. விரல் விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். கப்பலில் வந்த ஜப்பானிய ரெக்கார்டர்களை லாரியில் ஏற்றி, உள்நாட்டுக்குக் கொண்டுபோய், வரிசையில் காத்திருந்து முத்திரை வாங்க வேண்டும். அன்றைக்கு வந்தது ஜப்பான் சரக்கு. நிறுத்தியது சார்லஸ் மார்ட்டல் இல்லை, குமாஸ்தா. ஜப்பான் இறங்கி வந்தது. ஐரோப்பாவுக்கு அனுப்பும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, 1983-ல் தடை விலகியது.

ஒரு பொருளை உள்ளே விடாமல் தடுக்கத் தடைச்சட்டம் தேவையில்லை. வாசலைக் கொஞ்சம் மாற்றி வைத்தால் போதும். பிரான்ஸ் அரசுக்கு அது தெரிந்திருந்தது. கம்பெனிகளும் வெகு சீக்கிரம் தெரிந்துகொண்டன.

★

1981-ல் ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. கடைகளில் கிடைக்கிற பாகங்களை வைத்தே செய்ததால் மற்றவர்கள் சுலபமாகக் காப்பியடித்துவிட்டார்கள். சந்தை கை நழுவிக்கொண்டிருந்தது. 1987 ஏப்ரலில் ஐ.பி.எம். திருப்பி அடித்தது. பி.எஸ். 2 என்ற புது வரிசை. உள்ளே மைக்ரோ சேனல் என்கிற புது அமைப்பு. கம்ப்யூட்டருக்குள் கார்டு சொருகுகிற இடமே மாறிவிட்டது. யாராவது காப்பியடிக்க ஆசைப்பட்டால் ராயல்டி கொடுத்துவிட்டு அடிக்கலாம்.

போட்டியாளர்கள் கொடுக்கவில்லை. 1988-ல் காம்பேக் தலைமையில் ஒன்பது கம்பெனிகள் கூட்டணி சேர்ந்து தங்களுக்கென்று ஒரு மாற்று அமைப்பை அறிவித்தன. மைக்ரோ சேனல் சில வருஷங்களில் செத்துப்போனது.

ஆனால் அதே பி.எஸ். 2-வின் முதுகில் இன்னொன்றும் இருந்தது. மூன்று வரிசையில் 15 பின். பெயர் வி.ஜி.ஏ. இதையும் காப்பியடித்தார்கள். சின்னச் சின்ன சிப் கம்பெனிகள் எல்லாம் வி.ஜி.ஏ. செய்தன. விளைவு? உலகத்தில் எந்த மானிட்டரும் எந்தக் கம்ப்யூட்டரோடும் சேரும் என்கிற பொற்காலம் வந்தது. இரண்டு பக்கமும் திருகாணி முடுக்கி மாட்டுவோமே, அந்த நீலத் தலை ஒயர். அதேதான்.

ஐ.பி.எம். பூட்டி வைக்க நினைத்த வாசல் சீந்துவாரில்லாமல் போனது. ஊரே காப்பியடித்த வாசல் முப்பது வருஷம் தாண்டி வாழ்ந்தது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவா, சாம்சங், எல்.ஜி. எல்லாம் சேர்ந்து, வி.ஜி.ஏ.வுக்கு 2015-க்குள் விடை கொடுப்போம் என்று கூட்டறிக்கை விட்டன. அந்தக் கெடு தாண்டிய பிறகும் எத்தனையோ வகுப்பறை புரொஜெக்டர்களில் அது உயிரோடு இருந்தது.

வி.ஜி.ஏ.வுக்கு இருந்த நிஜமான குறை வேறு. கம்ப்யூட்டருக்குள் படம் என்பது எண்கள். வி.ஜி.ஏ. அதை மின்னலையாக மாற்றி அனுப்பும். பழைய குண்டு மானிட்டருக்கு அதுதான் வேண்டும். தட்டையான எல்.சி.டி. திரை வந்தபோது கதை மாறியது. அதற்கு எண்கள்தான் வேண்டும். எண்ணை அலையாக்கி, அலையை மறுபடி எண்ணாக்கி... தமிழில் எழுதிய கடிதத்தை இங்கிலீஷில் மொழிபெயர்த்து அனுப்பி, வாங்குகிறவர் திரும்பத் தமிழாக்கிப் படிக்கிற மாதிரி. எதற்கு இந்தச் சுற்று?

1999 ஏப்ரலில் இன்டெல், சிலிக்கான் இமேஜ், காம்பேக், ஃபுஜிட்சு, ஹெச்.பி., ஐ.பி.எம்., என்.இ.சி. ஆகியவை சேர்ந்து டி.வி.ஐ. என்கிற இணைப்பைக் கொண்டுவந்தன. எண்கள் எண்களாகவே போகும். அப்பாடா, முடிந்தது பிரச்னை என்றுதான் எஞ்சினியர்கள் நினைத்திருப்பார்கள்.

ஹாலிவுட்டை மறந்துவிட்டார்கள்.

★

ஹாலிவுட்டுக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. 1976-ல் யுனிவர்சல், டிஸ்னி இரண்டும் சோனிமீது வழக்குப் போட்டன. சோனியின் பீட்டாமேக்ஸ் ரெக்கார்டரை வைத்து ஜனங்கள் டிவியில் வரும் படங்களைப் பதிவு செய்துகொள்கிறார்கள், இது திருட்டு என்பது குற்றச்சாட்டு. 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது குற்றமல்ல. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். ஒரே ஓட்டில் தோற்றது ஹாலிவுட்.

அது கேசட் காலம். காப்பி எடுக்க எடுக்க மங்கும். டிஜிட்டலில் அப்படி இல்லை. ஆயிரமாவது காப்பியும் அசல் மாதிரியே இருக்கும். ஒயரில் போகிற படத்தை யாராவது நடுவழியில் பிடித்துக்கொண்டால்? கோர்ட்டில் தோற்றவர்கள் இந்த முறை கோர்ட்டுக்குப் போகவில்லை. ஒயருக்கே பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

இன்டெல் உருவாக்கிய அந்தப் பூட்டின் பெயர் ஹெச்.டி.சி.பி. படம் அனுப்பும் பெட்டி முதலில் திரையைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்கும். திரை ரகசியச் சாவியைக் காட்ட வேண்டும். சாவி சரியாக இருந்தால் படம். இல்லையென்றால் கருப்பு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க், காசு கொடுத்து வாங்கிய பிளேயர், காசு கொடுத்து வாங்கிய திரை. ஆனாலும் கருப்பு.

2010 செப்டம்பரில் இந்தப் பூட்டின் மூலச் சாவி வெளியே கசிந்தது. ஆமாம், நிஜ சாவிதான் என்று இன்டெல்லும் ஒப்புக்கொண்டது. ஆனால் பூட்டை யாரும் கழற்றவில்லை. திருடனுக்குக் கதவு திறந்துவிட்டது. வீட்டுக்காரன் மட்டும் இன்னமும் சாவி காட்டிக்கொண்டிருக்கிறான்.

2002 டிசம்பரில் வந்தது ஹெச்.டி.எம்.ஐ. ஹிட்டாச்சி, பானசோனிக்கைக் கையில் வைத்திருந்த மட்சுஷிடா, பிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா என்று ஏழு நிறுவனங்கள் சேர்ந்து செய்தது. அடிப்படையில் டி.வி.ஐ.தான். அதோடு சத்தத்தையும் சேர்த்து, முனையைச் சின்னதாக்கினார்கள். பூட்டுப் போடவும் வசதி வைத்தார்கள். ஃபாக்ஸ், யுனிவர்சல், வார்னர், டிஸ்னி எல்லாரும் ஆதரவு கொடுத்தார்கள். கொடுக்காமலா இருப்பார்கள்?

இப்போது என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். கணக்கு. ஹெச்.டி.எம்.ஐ.யின் ராயல்டி அட்டவணை பல வருஷங்கள் இப்படி இருந்தது. விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 15 சென்ட். பெட்டிமேல் ஹெச்.டி.எம்.ஐ. முத்திரையைப் போட்டால் 5 சென்ட். கூடவே பூட்டையும் வைத்தால் 4 சென்ட். பெரிய தயாரிப்பாளர் என்றால் வருஷ சந்தா 10,000 டாலர் தனி.

பத்து லட்சம் டிவி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையும் பூட்டும் இல்லாவிட்டால் ஒன்றரை லட்சம் டாலர். இரண்டும் இருந்தால் நாற்பதாயிரம். நீங்கள் முதலாளியாக இருந்தால் எதைச் செய்வீர்கள்? யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தள்ளுபடிதான் கொடுத்தார்கள். புவாத்தியே குமாஸ்தா செய்ததைவிட எவ்வளவு நாசூக்கான வேலை!

★

கம்ப்யூட்டர்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. டிவி கம்பெனிகள் வைத்த வாசலுக்கு நாம் ஏன் சுங்கம் கட்ட வேண்டும்? வீசா என்று ஓர் அமைப்பு. விமான நிலையத்தில் கேட்கிற விசா இல்லை. 1980-களின் இறுதியில் மானிட்டர், கிராபிக்ஸ் கம்பெனிகள் சேர்ந்து ஆரம்பித்த தர நிர்ணயச் சங்கம். 2006 மே மாதம் இவர்கள் டிஸ்ப்ளேபோர்ட்டை அறிவித்தார்கள். எங்களுக்கு ராயல்டி வேண்டாம் என்றார்கள்.

வேலை செய்யும் விதமே வேறு. ஹெச்.டி.எம்.ஐ., பழைய டிவி முறையின் வாரிசு. படத்தை வரி வரியாக இடைவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும். டிஸ்ப்ளேபோர்ட், இன்டர்நெட்டில் தகவல் போகிற மாதிரி பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்பும். ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குப் புரியாது.

ஆனால் டிஸ்ப்ளேபோர்ட் தாமதமாக வந்த பையன். ஊரில் எல்லார் வீட்டிலும் டி.வி.ஐ., ஹெச்.டி.எம்.ஐ. திரைகள் ஏற்கெனவே இருந்தன. பழையதைத் தூக்கிப்போடு என்றால் யார் கேட்பார்கள்? அதனால் ஒரு சமரசம் செய்தார்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் டிஸ்ப்ளேபோர்ட், தேவைப்பட்டால் ஹெச்.டி.எம்.ஐ. பாஷையும் பேசும். எளிமையான ஒரு கேபிளை மாட்டினாலே போதும். எதிரே ஹெச்.டி.எம்.ஐ. திரை இருப்பதைத் தெரிந்துகொண்டு பாஷையை மாற்றிக்கொள்ளும்.

இங்கேதான் என் அக்கா மகன் மாட்டினான்.

படம் அனுப்பும் பெட்டி என்பது வாய். மானிட்டர் என்பது காது. டிஸ்ப்ளேபோர்ட்டின் வாய்க்கு இரண்டு பாஷை தெரியும். அதன் காதுக்கு ஒன்றுதான் தெரியும். ஹெச்.டி.எம்.ஐ. வாய்க்கும் ஒரே பாஷைதான். எனவே டிஸ்ப்ளேபோர்ட் கம்ப்யூட்டரிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ. திரைக்குச் சாதாரண கேபிள் போதும். அதே கேபிளைத் தலைகீழாகத் திருப்பி, ஹெச்.டி.எம்.ஐ. கன்சோலிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் திரைக்கு மாட்டினால்? உட்காரும். பொருந்தும். படம் வராது. அது ஒருவழிப்பாதை. அவன் வாங்கிய மூன்றும் அந்த ஜாதகம்தான்.

★

அப்படியென்றால் மானிட்டரிலேயே இரண்டு வாசலும் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பெரும்பாலும் வைக்கிறார்கள். சில பழைய கேமிங் மானிட்டர்களில் இல்லாமல் போனதற்கும் ஒரு சண்டைதான் காரணம்.

வேகமான விளையாட்டில் கிராபிக்ஸ் கார்டு ஒரு வேகத்தில் படம் வரையும். திரை தன் வேகத்தில் புதுப்பிக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் படம் நடுவில் கிழிந்த மாதிரி தெரியும். 2013 அக்டோபரில் என்விடியா இதற்கு ஜி-சிங்க் என்கிற தீர்வை அறிவித்தது. கார்டு எப்போது படம் தருகிறதோ அப்போதுதான் திரை புதுப்பிக்கும். பிரமாதம். ஆனால் என்விடியாவின் கார்டு வேண்டும், மானிட்டருக்குள் என்விடியாவின் தனி மின்பலகை வேண்டும். அந்த முதல் தலைமுறைப் பலகை டிஸ்ப்ளேபோர்ட்டை மட்டுமே ஏற்றுக்கொண்டது. ஒற்றை வாசல் மானிட்டர்கள் வந்தது அப்படித்தான். அதே வேலையைச் செய்யும் ஒரு பொது முறையை 2014-ல் வீசா சங்கம் டிஸ்ப்ளேபோர்ட்டில் சேர்த்தது. ஏ.எம்.டி. அதை ஃப்ரீ-சிங்க் என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. ஹெச்.டி.எம்.ஐ. தன் 2.1 பதிப்பில் இந்த வசதியைச் சேர்த்தது 2017-ல்.

கன்சோல்காரர்கள் மட்டும் டிவியின் பக்கமே நின்றார்கள். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் டிஸ்ப்ளேபோர்ட் கிடையாது. சரி, ஹெச்.டி.எம்.ஐ. உள்ள மானிட்டர் என்றாலாவது நிம்மதியா? அதுவும் இல்லை. கேமிங் மானிட்டர்களில் ரொம்பப் பிரபலமான அளவு 1440 வரி. டிவி உலகத்தில் அப்படி ஓர் அளவே இல்லை. அங்கே 1080, விட்டால் 2160. பிளேஸ்டேஷன் 5-க்கு 1440 வரி கொடுக்கத் தெரியவந்தது 2022 செப்டம்பரில், ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டில். வாசல் ஒத்துப்போன பிறகும் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

2024 பிப்ரவரியில் இன்னொன்று நடந்தது. லினக்ஸ் என்பது யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கக்கூடிய திறந்த மென்பொருள். அதில் ஹெச்.டி.எம்.ஐ. 2.1 முழுதாக வேலை செய்ய ஏ.எம்.டி. எஞ்சினியர்கள் நிரல் தயாரித்து, ஹெச்.டி.எம்.ஐ. அமைப்பிடம் அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. 2.1-ன் விதிமுறைப் புத்தகம் உறுப்பினர்களுக்கு மட்டும். நிரலைத் திறந்து வைத்தால் புத்தகத்தையே திறந்து வைத்த மாதிரி ஆகிவிடுமே! கார்டால் முடியும், ஒயரால் முடியும், திரையால் முடியும். ஆனால் கூடாது.

1977-ல் ஒரு சட்டம். 1980-ல் ஓர் அரசாங்கம். 1987-ல் ஒரு முதலாளி. 2002-ல் ஒரு தள்ளுபடி அட்டவணை. 2024-ல் ஒரு ரகசியப் புத்தகம். வாசலில் உட்கார்ந்து வசூல் செய்கிறவர் மாறிக்கொண்டே இருக்கிறார். நீங்களும் நானும் கையெழுத்துப் போடாத ஒப்பந்தம், நம் மேஜைமேல் இருக்கிற இரண்டு பெட்டிகள் பேசலாமா கூடாதா என்று முடிவு செய்கிறது.

★

2014-ல் யு.எஸ்.பி. டைப் சி வந்தது. எப்படித் திருப்பிச் சொருகினாலும் போகும் அந்தச் சின்ன வாசல். அதே வருஷம் டிஸ்ப்ளேபோர்ட் படத்தை அதன் வழியே அனுப்பவும் ஏற்பாடு செய்தார்கள். இனி ஒரே வாசல்தான், சண்டை தீர்ந்தது என்று சந்தோஷப்படாதீர்கள். ஒரு லேப்டாப்பின் டைப் சி வாசலில் படம் வரும். பக்கத்திலேயே அச்சு அசலாக இருக்கும் இன்னொன்றில் சார்ஜ் மட்டும் ஏறும். முன்பு வெளியே தெரிந்த வித்தியாசம் இப்போது உள்ளே போய் ஒளிந்துகொண்டது. அவ்வளவுதான்.

அதனால் கடைக்குப் போகும் முன்பு நாலு விஷயம்.

ஒன்று, படம் எங்கிருந்து எங்கே போகிறது என்று முதலில் சொல்லுங்கள். கடைக்காரரிடம் "டிஸ்ப்ளேபோர்ட் டு ஹெச்.டி.எம்.ஐ." என்று சொல்லாதீர்கள். "கன்சோலில் ஹெச்.டி.எம்.ஐ., மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட்" என்று சொல்லுங்கள். அந்தத் திசைக்கு பாஷையை மாற்றுகிற சிப் உள்ள கன்வர்ட்டர்தான் வேண்டும். பெரும்பாலும் மின்சாரத்துக்கு ஒரு யு.எஸ்.பி. வாலும் இருக்கும்.

இரண்டு, வி.ஜி.ஏ. மானிட்டருக்கும், மூன்று கலர் ஒயர் வைத்த பழைய கேம் பெட்டிக்கும் இதே நியாயம். வெறும் ஒயர் போதாது, சிப் வேண்டும். டி.வி.ஐ. மட்டும் நல்ல பிள்ளை. ஹெச்.டி.எம்.ஐ.யின் அண்ணன் என்பதால் சாதாரண கேபிளிலேயே படம் வந்துவிடும். சத்தத்துக்குத்தான் வேறு ஏற்பாடு வேண்டும்.

மூன்று, சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அதுதான் மொத்த வேகம். மானிட்டர் 144 என்று சொன்னாலும் கன்வர்ட்டர் 60 என்றால் 60தான்.

நான்கு, டைப் சி என்றால் வடிவத்தை நம்பாதீர்கள். அந்த வாசல் படம் தருமா என்று லேப்டாப்பின் விவரக்குறிப்பில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அக்கா மகனோடு நானும் கடைக்குப் போனேன். இந்த முறை கன்சோலைப் பையில் போட்டு, மானிட்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்து மாட்டச் சொன்னேன். யு.எஸ்.பி. வால் வைத்த கன்வர்ட்டர். 1,400 ரூபாய். இரண்டு விநாடி கருப்பு. அப்புறம் படம் வந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது பழைய மூன்றையும் கையில் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் வேஸ்ட்டா மாமா?"

"தூக்கிப் போடாதே. நாளைக்கு நீ கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டு டிவியில மாட்டுவே இல்ல? அப்ப இது வேலை செய்யும். திருப்பி மாட்டணும், அவ்வளவுதான்."